தீவாந்தரம் போன ஒன்பது வயதுத் திருடன்

சென்ற மாதம் ஒரு சந்தையில், கடையில் இருந்த ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடின ஒரு பையனைப் பிடித்து விளக்குக் கம்பத்தில் கட்டி வைத்திருந்ததை நாம் நேரில் பார்க்க நேர்ந்தது. பையனுக்குப் பத்து வயதுக்கு மேல் சொல்ல முடியாது. சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மீதிப்பேர் தர்மோபதேசம் செய்துகொண்டிருந்தார்கள். நெற்றி நிறைய விபூதி பூசியிருந்த கனவான் ஒருவர், "வெள்ளைக்காரன் காலமாயிருந்தால் இந்நேரம் தீவாந்தரத்துக்குக் கப்பலேற்றியிருப்பான், அதனால்தான் அக்காலத்தில் திருட்டே இல்லை" என்று சொல்ல, கூட்டம் முழுவதும் ஆமாம் போட்டது. கட்டை அவிழ்க்கச் சொன்ன நம்மைப் பார்த்து, "உங்கள் வீட்டில் புகுந்தால் அப்போது தெரியும்" என்றார்கள்.

அந்தக் கனவான் சொன்னதில் ஒரு பாதி வாஸ்தவம். திருடின சிறுபிள்ளைகளை வெள்ளைக்காரன் கப்பலேற்றினான் என்பது மெய். நம்மவர்களுக்கு முன்பாகத் தன் நாட்டு ஏழைப் பிள்ளைகளைத்தான் ஏற்றினான் என்பதும் மெய். ஆனால் அதனால் திருட்டு ஒழிந்தது என்பதும், அது நீதி என்பதும் சுத்தப் புளுகு. இதற்குச் சாட்சியாக ஜான் ஹட்சன் என்ற ஒரு பையனின் கதையை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம். இது புராணம் அல்ல. லண்டன் கோர்ட்டு ரிக்கார்டுகளிலும், ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் குடியேறின ஆரம்ப காலத்துக் கணக்குகளிலும் உள்ள சங்கதி.

1783-ம் வருஷம் டிசம்பர் மாதம் 10-ந் தேதி லண்டன் ஓல்டு பெய்லி கோர்ட்டில் இந்தப் பையனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இரவில் ஒரு வீட்டு ஜன்னல் வழியாகப் புகுந்து ஒரு சட்டை, ஐந்து பட்டுக் காலுறை, ஒரு கைத்துப்பாக்கி, இரண்டு முன்றானைத் துணி ஆகியவற்றைத் திருடினான் என்பது குற்றம். எல்லாம் சேர்ந்து ஒரு பவுனுக்குச் சற்று மேல் பெறும். வீட்டில் புகைக்கரி படிந்த சிறிய கால் அடையாளங்கள் இருந்தன, சட்டையை அடகுக் கடைக்குக் கொண்டுபோனான், இவ்வளவுதான் வழக்கு. உனக்கு வயது என்ன என்று ஜட்ஜு கேட்டார். ஒன்பது நடக்கின்றது என்றான். என்ன தொழில் பழகினாய் என்றார். ஒன்றும் இல்லை, சில சமயம் புகைக்கூண்டு துடைப்பேன் என்றான். தாய் தகப்பன் உண்டா என்றார். செத்துப்போனார்கள் என்றான். எப்போது செத்தார்கள் என்றதற்கு, தெரியாது என்றான்.

ஜட்ஜு இரக்கமில்லாதவர் அல்ல. இப்படிப்பட்ட பிள்ளையை எப்படியாவது அழிவிலிருந்து தப்புவிக்க வேண்டும் என்றும், விட்டுவிட்டால் கெட்டவர்கள் இவனை மறுபடியும் வீடு புகுவதற்குக் கருவியாக வைத்துக்கொள்ளுவார்கள் என்றும் வாய்விட்டே சொன்னார். சொல்லிவிட்டு என்ன செய்தார்? பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாரா? ஒரு குடும்பத்தில் சேர்த்தாரா? ஏழு வருஷம் தீவாந்தர சிட்சை கிடைத்தது! இரக்கத்தின் யோக்கியதை அவ்வளவுதான். இதிலும் ஒரு 'கருணை' இருந்தது. இரவில் வீட்டை உடைத்துப் புகுந்த குற்றம் ருஜுவாகவில்லை, திருட்டு மாத்திரம் ருஜுவாயிற்று என்று ஜூரர்கள் சொன்னார்கள். அப்படிச் சொல்லாதிருந்தால் அந்தக் கழுத்துக்குத் தூக்குக் கயிறுதான் தண்டனை.

அந்தப் பையன் தன் தொழிலென்று சொன்ன புகைக்கூண்டு வேலையைப்பற்றி ஒரு வார்த்தை. பெரிய மனிதர் வீட்டு அடுப்புகளுக்கு மேலே, ஓரடிக்கும் குறைவான அகலமுள்ள புகைக்குழாய்கள் உண்டு. அதற்குள் பெரியவன் நுழைய முடியாது. ஆகையால் அனாதைப் பிள்ளைகளையும் ஏழைகள் பெற்ற பிள்ளைகளையும் உள்ளே ஏற்றிவிட்டுக் கரி சுரண்டச் செய்தார்கள். மூச்சுத் திணறிச் செத்தவர்கள் உண்டு. இவ்வேலை செய்தவர்களுக்குப் பிற்காலத்தில் அண்டப்பையில் புற்றுநோய் வருகின்றது என்று பெர்சிவல் பாட் என்ற டாக்டர் 1775-லேயே எழுதிவைத்தார். எட்டு வயதுக்குக் குறைந்தவர்களை இதில் சேர்க்கக்கூடாதென்று 1788-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. அதைக் கவனிப்பார் இல்லை. 1875-ம் வருஷச் சட்டம் வந்த பிறகுதான் இந்த அக்கிரமம் ஓய்ந்தது. ஒரு பிள்ளையின் உயிரை அடுப்புப் புகையில் வேகவைத்தவர்கள் ஒருவரையாவது எந்த ஜட்ஜாவது கப்பலேற்றினதுண்டா என்று கேட்கின்றோம்.

நிற்க, அக்காலத்து இங்கிலீஷ் சட்டத்தின் இலட்சணத்தைச் சற்றுப் பார்ப்போம். ஏழு வயது முடிந்துவிட்டால் ஒரு பிள்ளையைக் குற்றவாளியாக நிறுத்தலாம். பதினான்கு வயது வரையில் அறியாமை என்ற ஒரு அனுமானம் உண்டென்றாலும், கெட்ட எண்ணம் இருந்ததாகக் காட்டிவிட்டால் அது போய்விடும். குடியிருக்கும் வீட்டிலிருந்து 40 ஷில்லிங் பெறுமானமுள்ள பொருளை எடுத்தால் தூக்கு. கடையிலிருந்து மறைவாக 5 ஷில்லிங் பெறுமானத்தை எடுத்தால் தூக்கு. இப்படித் தூக்குக்குரிய குற்றங்கள் அந்த நூற்றாண்டின் முடிவில் 200-க்கு மேல் இருந்தன. சட்டத்தின் கொடுமை பொறுக்காமல் ஜூரர்களே, பத்துப் பவுன் பெறும் பொருளையும் 39 ஷில்லிங் என்று பொய்யாக மதித்துக் குற்றவாளியைத் தப்பவைத்தார்கள். சத்தியப்பிரமாணம் செய்துவிட்டுப் பொய் சொன்னால்தான் நியாயம் கிடைக்கும் என்ற நிலையில் ஒரு சட்டம் இருந்ததென்றால், அதைப் புகழ வாய் வருமா? இவ்வளவு தூக்குப் போட்டாவது திருட்டு நின்றதா? ஜேப்படித் திருட்டுக்குத் தூக்கு என்றிருந்த காலத்தில், தூக்குப் போடுவதை வேடிக்கை பார்க்கக் கூடின கூட்டத்திலேயே ஜேப்படிக்காரர்கள் கை வரிசையைக் காட்டினார்கள்! விபூதிக் கனவான் இதற்கு என்ன பதில் சொல்லுவார்?

சட்டம் கடுமைதான், ஆனால் எல்லோருக்கும் ஒன்றாகத்தானே இருந்தது என்று சிலர் வருவார்கள். அதுவும் பொய். ஹட்சன் கூண்டில் ஏறுவதற்கு ஏழு வருஷத்துக்கு முன், 1776-ல், கிங்ஸ்டன் சீமாட்டி என்பவள் புருஷன் உயிரோடிருக்கும்போதே இன்னொரு பிரபுவைக் கலியாணம் செய்துகொண்ட குற்றத்துக்காகப் பிரபுக்கள் சபையில் விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி என்று தீர்ப்பானாள். சாதாரண ஸ்திரீயாயிருந்தால் கையில் சூடு போடுவார்கள். தான் பிரபு வம்சத்துப் பாத்தியதை உடையவள் என்று ஒரு வார்த்தை சொன்னாள். கட்டணத்தைக் கட்டிவிட்டு வெளியே நடந்தாள். இதைப்போலவே பாதிரிகளுக்கும் நூற்றாண்டுக் கணக்கில் ஒரு சலுகை இருந்துவந்தது. கொலை, களவு எது செய்தாலும் சர்க்கார் கோர்ட்டு அவர்களைத் தூக்கிலிட முடியாது. பாதிரிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பைபிளில் ஒரு சங்கீதத்தைக் காட்டி வாசிக்கச் சொல்லுவார்கள். வாசித்தால் பிழைத்தான், வாசிக்கத் தெரியாவிட்டால் தொங்கினான். பிற்காலத்தில் படித்தவர்கள் எல்லோரும் இந்தச் சந்தில் நுழைந்து உயிர் தப்பினார்கள். வாசிக்கும் பரீட்சை 1706-ல் எடுக்கப்பட்டது. சலுகை முழுவதும் ஒழிந்தது 1827-ல். பிரபுக்களின் சலுகை ஒழிந்தது 1841-ல்.

இதைப் படிக்கும்போது நம் வாசகர்களுக்கு வேறொரு புஸ்தகம் ஞாபகத்துக்கு வந்தால் அது நம்முடைய குற்றமல்ல. மற்ற வர்ணத்தாருக்கு உயிர்த் தண்டனை என்றால் பிராமணனுக்குத் தலையை மொட்டையடிப்பதே தண்டனை என்று மனு 8-ம் அத்தியாயம் 379-ல் இருக்கின்றது. அடுத்த சுலோகத்தில், எந்தப் பாபம் செய்தாலும் பிராமணனைக் கொல்லாமல், காயமில்லாமல், சொத்து முழுவதையும் கூடவே கொடுத்து நாட்டைவிட்டு அனுப்பு என்று இருக்கின்றது. அதே அத்தியாயத்தில் பிராமணன் திருடினால் அறுபத்து நான்கு மடங்கு குற்றம் என்றும் எழுதியிருக்கின்றதே என்று சாஸ்திரிகள் ஓடி வருவார்கள். எழுதித்தான் இருக்கின்றது. ஆனால் கணக்கில் அறுபத்து நான்கு மடங்கு, கழுத்துக்கு மாத்திரம் மொட்டை என்றால், அந்த அறுபத்து நான்கை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளுவது? மனுவின் தீவாந்தரக்காரன் சொத்தோடு போகின்றான். ஜான் ஹட்சன் விலங்கோடு போனான். வேறென்ன வித்தியாசம்?

அவன் போன கதையும் சாமானியமானதல்ல. அதற்கு முன்னால் இங்கிலாந்து தன் கைதிகளை அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 1718 முதல் சுமார் 50,000 பேரை அப்படித் தள்ளினார்கள். அமெரிக்கர்கள் சுதந்தரம் பெற்றுக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஆயினும் 1784-ல் 'மெர்க்குரி' என்ற கப்பலில் ஹட்சனையும் மற்றவர்களையும் அத்திசைக்கே ஏற்றினார்கள். கைதிகள் கலகம் செய்து கப்பலைப் பிடித்துக் கரைக்குத் திருப்பினார்கள். பையனும் பிடிபட்டான். பிறகு பிளிமத் துறைமுகத்தில் 'டன்கர்க்' என்ற பழங்கப்பலில் அடைத்தார்கள். கடலோடத் தகுதியற்ற கப்பலின் பாய்மரத்தைக் கழற்றிவிட்டு ஜெயிலாக்கினது அது. அதில் ஏறக்குறைய மூன்று வருஷம். 1787 மே 13-ந் தேதி பதினோரு கப்பல்கள் போர்ட்ஸ்மத்திலிருந்து புறப்பட்டன. அவற்றில் 'பிரண்ட்ஷிப்' என்ற கப்பலில் ஹட்சன் இருந்தான். பிரண்ட்ஷிப் என்றால் சிநேகம் என்று அர்த்தம்! எட்டு மாதத்துக்கு மேல் கடலில் கழித்து 1788 ஜனவரியில் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தபோது அவனுக்குப் பதின்மூன்று வயதிருக்கலாம்.

இந்தக் கப்பல்களில் என்னென்ன ஏற்றினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஸ்திரீகளுக்குப் போதுமான உடுப்பு வந்து சேரவில்லை. கைதிகளில் யாருக்கு எத்தனை வருஷம் தண்டனை, எப்போது முடிகின்றது என்ற காகிதங்களைக்கூட இங்கிலாந்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். ஆனால் ரிச்சர்டு ஜான்சன் என்ற பாதிரியோடு பைபிள், ஜபப் புஸ்தகம், ஞானோபதேசம் என்று 4,000-க்கு மேற்பட்ட புஸ்தகங்கள் மறக்காமல் வந்து சேர்ந்தன! கரையிறங்கி 1788 பிப்ரவரி 3-ந் தேதி ஒரு மரத்தடியில் அவர் முதல் பிரசங்கம் செய்தார். கைதிகளையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு அவர் எடுத்துக்கொண்ட விஷயம், கர்த்தர் நமக்குச் செய்த உபகாரங்களுக்கெல்லாம் நாம் என்ன கைம்மாறு செய்வது என்ற சங்கீத வாசகம். தாயில்லை, தகப்பனில்லை, ஊரில்லை, திரும்ப வழியில்லை. இந்த உபகாரத்துக்குக் கைம்மாறு என்ன! பாதிரி தனிப்பட்ட முறையில் நல்ல மனிதர் என்றே தெரிகின்றது. வியாதியஸ்தர்களுக்கு உதவினார், தோட்டம் போட்டார். ஆனால் நல்ல மனிதரையும் இப்படிப் பேசவைப்பதுதான் மதம்.

அந்த மாதம் முடிவதற்குள், 27-ந் தேதி, உணவுப் பண்டம் திருடினதாக ஒரு கைதியைத் தூக்கிலிட்டார்கள். அடுத்த வருஷம் மார்ச்சில் சர்க்கார் களஞ்சியத்திலிருந்து திருடினதாக ஆறு பேரைத் தூக்கிலிட்டார்கள். இந்த ஆறு பேரும் கைதிகள் அல்ல. கைதிகளுக்குக் காவலாக வந்த சிப்பாய்கள்! பசி வந்தால் காவல்காரன் கையும் களஞ்சியத்துக்குள் போகின்றது என்பதற்கு இதைவிட வேறு என்ன ருஜு வேண்டும்?

1790 மார்ச்சில் ஹட்சனைச் 'சிரியஸ்' கப்பலில் நார்போக் தீவுக்கு அனுப்பினார்கள். ஆட்கள் இறங்கின சில நாட்களில் அந்தக் கப்பல் பாறையில் மோதி உடைந்தது. தீவில் பஞ்சம். மலையில் கூடு கட்ட வந்த ஒருவகைக் கடற்பறவையை லட்சக்கணக்கில் பிடித்துத் தின்று ஜனங்கள் உயிர் பிழைத்தார்கள். கடவுள் அனுப்பினார் என்று அதற்கு 'தெய்வ சித்தப் பறவை' என்று பெயரிட்டார்கள். சில வருஷங்களில் அந்தத் தீவில் அந்தப் பறவையே இல்லாமற்போயிற்று. பஞ்சத்தையும் கப்பல் உடைந்ததையும் அனுப்பினது யார் என்று மாத்திரம் ஒருவரும் கேட்கவில்லை.

அத்தீவில்தான் 1791-ல் ஹட்சனுக்கு ஐம்பது கசையடி கொடுத்தார்கள். என்ன குற்றம்? இரவு ஒன்பது மணிக்கு மேல் குடிசைக்கு வெளியே இருந்தான். வாசகர்கள் வருஷத்தைக் கணக்குப் பார்க்கவேண்டுகின்றோம். 1783 டிசம்பரில் விதித்த ஏழு வருஷம் 1790 டிசம்பரில் தீர்ந்துபோயிற்று. அடி விழுந்தது 1791-ல்.

இனி, திருட்டு என்று பேச வந்துவிட்டதால் பெரிய திருட்டையும் சொல்லிவிட வேண்டியதாயிருக்கின்றது. 1770-ல் காப்டன் குக் என்பவர் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை முழுவதையும் ராஜா பெயரால் எடுத்துக்கொண்டதாகச் சொல்லிக் கொடி நாட்டினார். பல்லாயிரம் வருஷமாக அங்கே குடியிருந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு காசு கொடுக்கவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத பூமி என்று சட்டம் பேசினார்கள். அந்த வாதம் பொய் என்று ஆஸ்திரேலியாவின் உயர்ந்த கோர்ட்டு ஒப்புக்கொண்டது 1992-ல்! சட்டை திருடினவனைக் கண்டுபிடித்துத் தண்டிக்க இரண்டு மாதம் போதுமாயிருந்தது. தேசம் திருடினதைத் திருட்டென்று ஒப்புக்கொள்ள இருநூறு வருஷத்துக்கு மேலாயிற்று. 1790-ல் போன இரண்டாவது கப்பல் கூட்டத்தைக் கண்டிராக்ட் எடுத்தவர்கள் அடிமை வியாபாரத்தில் பழகின ஒரு கம்பெனியார். ஏற்றின தலைக்கு இவ்வளவு என்று பணம். உயிரோடு இறக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சுமார் ஆயிரம் கைதிகளில் நாலில் ஒரு பங்கு வழியிலேயே செத்தார்கள்.

இப்படிப் போனவர்கள் பிறவியிலேயே கெட்டவர்கள், அவரவர் தலையெழுத்து என்று சொல்லுகின்றவர்களுக்கு ஒரு சங்கதி. மேரி வேட் என்ற சிறுமி இன்னொரு குழந்தையின் உடுப்பை உருவி அடகு வைத்ததற்காக 1789 ஜனவரியில் தூக்குத் தண்டனை பெற்றாள். பதினான்கு வயது நிரம்பவில்லை. அப்போது ஜார்ஜ் ராஜாவுக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. மார்ச் மாதம் பைத்தியம் தெளிந்த சந்தோஷத்துக்காகத் தூக்குக்குக் காத்திருந்த ஸ்திரீகளுக்குத் தீவாந்தரமாக மாற்றினார்கள். ஒரு மனிதனுக்கு மூளை தெளிந்ததால் ஒரு சிறுமியின் கழுத்து பிழைத்தது. இதுதான் அக்காலத்து நீதி நின்ற அஸ்திவாரம். அந்தத் 'திருடி'யின் வம்சத்தில் வந்த கெவின் ரட் என்பவர் 2007-ல் ஆஸ்திரேலியாவின் பிரதம மந்திரியானார். திருட்டு ரத்தத்தில் வருகின்றதென்றால் இதற்கு என்ன சமாதானம்? ஆனால் அதே இங்கிலீஷ்காரன்தான் 1871-ல் இந்தியாவில் குற்றப்பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைச் செய்து, அதை 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்து, தாய் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் திருடன் என்று முத்திரை குத்தினான். பெருங்காமநல்லூரில் 1920-ல் ரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டான். ஜாதிப்படி தொழில், ஜாதிப்படி குணம் என்று நம் சாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்திருந்ததால் இந்தச் சட்டத்தை நம்பவைப்பது அவனுக்குச் சுலபமாயிருந்தது.

தீவாந்தரம் நமக்கும் பரிச்சயமில்லாததல்ல. சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து கைதிகளைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும், 1858 முதல் அந்தமானுக்கும் ஏற்றினார்கள். கடல் தாண்டினால் ஜாதி கெடும் என்று சாஸ்திரம் சொல்லுவதால், இந்துக்களுக்குத் தூக்கைவிடத் தீவாந்தரமே அதிக பயம் தரும் என்று துரைமார்கள் கணக்குப் போட்டார்கள். நம் மூடநம்பிக்கையை எடுத்து நம் முதுகிலேயே சவுக்காக்கினான். சிங்கப்பூரில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் மாதாகோவில் 1856 முதல் இந்தியக் கைதிகளைக் கொண்டு கட்டப்பட்டது. அதன் சுவருக்குப் பூசினது 'சென்னைச் சுண்ணாம்பு'. அதில் முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் கலப்பார்கள். வயிற்றுக்கில்லாமல் திருடினவனைக் கூட்டிவந்து, முட்டையையும் சர்க்கரையையும் அவன் கையாலேயே கடவுள் வீட்டுச் சுவரில் பூசவைத்தார்கள்!

வெள்ளைக்காரன் போய்விட்டான். தீவாந்தர சிட்சையும் 1955-ம் வருஷத் திருத்தத்தால் நம் சட்டப் புஸ்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் ஹட்சனைக் கூண்டில் ஏற்றின அந்த ஏழு வயதுக் கணக்கு 1860-ம் வருஷச் சட்டத்தின் வழியாக வந்து, 2024 ஜூலையில் அமுலுக்கு வந்த புதிய நியாயச் சட்டத்தின் 20-ம் பிரிவிலும் அப்படியே உட்கார்ந்திருக்கின்றது. இளஞ்சிறார் சட்டம் என்று தனியாக ஒன்று இருப்பதால் பிள்ளைகள் பெரியவர்களோடு ஜெயிலில் அடைபடாமல் இருக்கின்றார்கள். அந்தச் சட்டமும் விளக்குக் கம்பத்தண்டை வருவதில்லை.

ரொட்டியின் விலையைக் கடைக்காரரிடம் கொடுத்த பிறகே அன்று கயிற்றை அவிழ்த்தார்கள். பையனுக்கு யாரிருக்கிறார்கள் என்று விசாரித்ததற்கு, பாட்டி இருக்கின்றாள் என்றான். எந்த ஊர் என்றதற்குக் கையை நீட்டி ஒரு திசையைக் காட்டினான். விபூதிக் கனவான் அதற்குள் போய்விட்டார். அடுத்த சந்தையில் அவரைக் கண்டால், அந்த ஐம்பது கசையடி எந்தத் திருட்டுக்கு விழுந்தது என்று கேட்கலாமென்றிருக்கின்றோம்.